பத்தடி உயரத்தில் ஒரு ஆர்.கே.ஓ.

டிஸ்க் கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பனியன் துணியை எடுத்துத் துடைத்தேன். திருப்பூரில் கட்டிங் செக்‌ஷனில் வேலை பார்ப்பவன் வீட்டில் அந்தத் துணிக்கு மட்டும் பஞ்சமே வராது. "ஸ்கிராட்சே இல்லீங்ணா, கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று சொல்லித்தான் பழைய டிஸ்க் விற்கிற கடைக்காரர் 1,100 ரூபாய் வாங்கினார். வீட்டில் டியூப் லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பிடித்தால், கோழி கிளறிய மண் மாதிரி இருந்தது. துடைத்துத் துடைத்து மூன்றாவது தடவை போட்டபோதுதான் பிளேஸ்டேஷன் அதை ஏற்றுக்கொண்டது.

கேமின் பெயர் 'டபிள்யூ.டபிள்யூ.இ. ஆல் ஸ்டார்ஸ்'. டபிள்யூ.டபிள்யூ.இ. என்கிற அமெரிக்க டிவி மல்யுத்தத்தை வைத்து 2011இல் வந்தது. எனக்கு இப்போது 38 வயது. இந்த வயதில் பழைய பிளேஸ்டேஷன் 3-ஐ அட்டத்திலிருந்து இறக்கித் தூசி தட்டினால் வீட்டில் என்ன பேச்சு கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விடுமுறைக்கு அக்கா பிள்ளைகள் வந்திருந்தார்கள். மருமகனுக்குப் பதினொன்று, மருமகளுக்குப் பதினான்கு. அவர்களைச் சாக்கு வைத்துத்தான் இறக்கினேன்.

ஏன் பழைய டிஸ்க் என்றால், வேறு வழியில்லை. இதை வெளியிட்ட டி.எச்.கியூ. 2012 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. அடுத்த மாதமே அதன் சொத்துகளைக் கூறுபோட்டு விற்றார்கள். மல்யுத்த கேம் போடும் உரிமம் டேக்-டூ கம்பெனியின் 2கே பிரிவு கைக்குப் போனது. இன்றுவரை கிட்டத்தட்ட வருடாவருடம் வருகிற '2கே' கேம்கள் அந்த வழியில் வந்தவைதான். ஆல் ஸ்டார்ஸ் மட்டும் வாரிசு இல்லாத சொத்தாக நின்றுவிட்டது.

சரி, கேமுக்கு வருவோம்.

போட்டதும் மருமகன் கேட்டது: "மாமா, இவுனுக்குத் தலையவிடக் கை பெருசா இருக்குது?" ஜான் சீனாவைப் பார்த்துத்தான் கேட்டான். உண்மைதான். இதில் வருகிற எல்லோருமே அப்படித்தான். தோள் இரண்டும் பானை கவிழ்த்தது போல, மார்பு கதவு அகலம், இடுப்பு மட்டும் கைப்பிடிக்குள் அடங்கும். எனக்கு எங்கள் ஊர் எல்லையில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கிற முனியப்பன் சிலைதான் ஞாபகம் வந்தது. அந்தச் சிலையைப் பார்த்து யாராவது "மனுஷனுக்கு இவ்வளவு பெரிய தொடை இருக்குமா?" என்று கேட்பார்களா? அது பயமுறுத்தவும் காவல் காக்கவும் செய்த உருவம். அளவு அதற்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும். இந்த கேமை வடிவமைத்தவர்களுக்கும் அந்தச் சிற்பியின் மனசு இருந்திருக்கிறது. ஹல்க் ஹோகனை நாம் டிவியில் எப்படிப் பார்த்தோமோ அப்படி இல்லாமல், பத்து வயதில் எப்படி நினைத்துக்கொண்டோமோ அப்படிச் செய்திருக்கிறார்கள்.

பத்து வயதில் எங்களிடம் இருந்தது மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு. உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ், போட்ட சண்டை, ஜெயித்த சண்டை. மதிய இடைவேளையில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, "வெயிட்" என்று சொல்லி யோகோசூனாவை இறக்கினால் எதிரில் இருப்பவன் முகம் சுருங்கும். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று சத்தியம் செய்தவர்களும் அந்த மரத்தடியில்தான் இருந்தார்கள். அந்தச் சின்ன அட்டையில் பார்த்த ஆள் எழுந்து வந்தால் எப்படிச் சண்டை போடுவான் என்று நாங்கள் கற்பனை செய்தோமோ, கிட்டத்தட்ட அதேதான் ஆல் ஸ்டார்ஸ்.

ராண்டி ஆர்டன் தன் முத்திரை அடியான ஆர்.கே.ஓ. போடுகிறார் என்று வையுங்கள். டிவியில் அது கண் இமைக்கும் நேரத்தில் முடிகிற வேலை. கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழுவார், அவ்வளவுதான். இங்கே எதிராளியை மேலே வீசி, தானும் எகிறி, டிவியின் மேல் விளிம்பு வரைக்கும் போய், அங்கே ஒரு நொடி தொங்கி, பிறகு கழுத்தைப் பிடித்து இறக்குகிறார். பத்தடி இருக்குமா, பதினைந்தா, அளக்க முடியாது. ரிங் தரை அதிர்ந்து ஒரு அலை சுற்றிலும் பரவுகிறது. ஜான் சீனாவின் தூக்கிப் போடுதலும் அப்படியே, ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு வானத்துக்குப் போய்விட்டு வருகிறார். ஷான் மைக்கேல்ஸ் தாடையில் உதைத்தால் உதை வாங்கியவன் பறக்கிற தூரத்தைப் பார்த்துச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவே, "அடப்பாவமே" என்று நின்றுவிட்டார்.

சண்டை ஆடுவது சுலபம். அடிக்கு இரண்டு பட்டன், லேசாக ஒன்று, ஓங்கி ஒன்று. பிடிக்கும் அதே கணக்கு. அதோடு அடியைத் தடுத்துத் திருப்ப ஒன்று, பிடியைத் திருப்ப ஒன்று. இரண்டே மேட்ச்சில் மருமகனுக்குப் பிடிபட்டுவிட்டது. அடிபட்டு மேலே கிளம்பியவன் தரையைத் தொடுவதற்குள் திரும்பவும் தட்டலாம். பலூனைக் கீழே விடாமல் தட்டுகிற விளையாட்டு மாதிரி. திருப்புதலில்தான் கேமின் உயிர் இருக்கிறது. நான் அவன் கையைத் திருப்ப, அவன் என் திருப்பலைத் திருப்ப, நான் மறுபடி... சிலம்பத்தில் கம்போடு கம்பு உரசுகிற மாதிரி டக் டக் டக் என்று நாலைந்து தடவை ஓடும். யாருக்கு முதலில் கை பதறுகிறதோ அவன் விழுவான். அந்த நேரத்தில் வீட்டில் மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்காது.

ஆட்களை நான்கு ஜாதியாகப் பிரித்திருக்கிறார்கள். பறப்பவர்கள், அடிதடிக்காரர்கள், பிடிக்காரர்கள், மலை போன்றவர்கள். ரே மிஸ்டீரியோ கயிற்றில் கால் வைத்து எங்கிருந்து எங்கு வேண்டுமானாலும் தாவுவார். பிரெட் ஹார்ட் ஒரு பிடி விட்டால் அடுத்த பிடிக்குப் போய்விடுவார். ஆண்ட்ரே த ஜெயன்ட்டைச் சின்ன அடியெல்லாம் அசைக்காது, அவர் பாட்டுக்கு நடந்து வந்துகொண்டே இருப்பார். எதிராளியின் ரத்தக் கோடு சிவந்து துடிக்கும்போது கடைசி அடியைப் போட்டுவிட்டால் தரையில் அழுத்தி மூன்று எண்ண வேண்டியதே இல்லை, கே.ஓ. (நாக் அவுட்) என்று திரை முழுக்க வந்துவிடும். இந்த ஒரு விதிக்காகவே டிசைனர்களுக்குக் கை கொடுக்கலாம். இரண்டரைக்கு எழுந்து, இரண்டே முக்காலுக்கு எழுந்து என்று இழுக்கிற சமாச்சாரம் வீட்டில் மூன்று பேர் கன்ட்ரோலருக்கு வரிசையில் நிற்கும்போது சரிப்படாது.

இதன் பூர்வீகம் தெரிந்தால் இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று புரியும். செய்தது டி.எச்.கியூ.வின் சான் டியாகோ ஸ்டுடியோ. அது அதற்கு முன்னால் மிட்வே கம்பெனியின் ஸ்டுடியோவாக இருந்தது, 2009இல் டி.எச்.கியூ. வாங்கியது. வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் சால் டிவிட்டா. 1995இல் மிட்வே போட்ட 'ரெஸில்மேனியா: த ஆர்கேட் கேம்' அவர் கைவேலை. அதே வருடம் வந்த மார்ட்டல் காம்பாட் 3 என்ற சண்டை கேமில் நைட்வுல்ஃபாகவும் சைராக்ஸ், செக்டராகவும் கேமரா முன்னால் நின்று நடித்தவரும் அவர்தான். அந்த ரெஸில்மேனியாவில் பிரெட் ஹார்ட் அடித்தால் இதயம் இதயமாகத் தெறிக்கும். அண்டர்டேக்கர் கல்லறைக் கல்லை எடுத்து அடிப்பார். ரேசர் ரமோனின் கை கத்தியாகவே மாறும். அந்தக் கிறுக்கு மனுஷனிடம் பதினைந்து வருடம் கழித்து மறுபடி ஒரு மல்யுத்த கேமைக் கொடுத்தால் ஆர்.கே.ஓ. பத்தடிக்குக் கீழே வருமா?

கேமின் நடுக்கூடம் 'ஃபேன்டஸி வார்ஃபேர்'. டிஸ்க்கில் மொத்தம் முப்பது பேர்: பழைய ஜாம்பவான்கள் பதினைந்து, அன்றைய நட்சத்திரங்கள் பதினைந்து. பழையவர் ஒருவரையும் புதியவர் ஒருவரையும் ஜோடி சேர்த்து, பெரும்பாலும் உண்மையில் நடக்காத அல்லது நடக்கவே முடியாத சண்டையை வைக்கிறார்கள். ஹோகனுக்கு எதிரில் சீனா. ஆண்ட்ரேவுக்கு எதிரில் பிக் ஷோ. ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் ஒரு வீடியோ வருகிறது. இரண்டு பேரின் பழைய காட்சிகளையும் பேச்சுகளையும் வெட்டி ஒட்டி, இவர் சொல்வதற்கு அவர் பதில் சொல்வது போலவே செய்திருக்கிறார்கள். நாளைக்கே டிக்கெட் விற்கப் போகிறார்கள் என்று நம்பத் தோன்றும். ஸ்டோன் கோல்டும் சி.எம். பங்கும் மோதுகிற வீடியோவை நான் நாலு தடவை பார்த்தேன். ஒருவர் ஜெயித்தால் இரண்டு பீர் கேனை மோதித் தலைகீழாகக் கவிழ்த்துக்கொள்பவர், இன்னொருவர் சொட்டு மது தொடமாட்டேன் என்று அதையே கொள்கையாகச் சொல்லித் திரிந்தவர். டாஸ்மாக்குக்கும் மதுவிலக்குப் பிரசாரத்துக்கும் ரிங் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

எடி கெரேரோவும் ரே மிஸ்டீரியோவும் வருகிற வீடியோவை மட்டும் தள்ளிவிட்டுப் போக முடியவில்லை. எடி 2005 நவம்பரில் மினியாபொலிஸில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்தார். அப்போது எனக்குப் பதினெட்டு. டென் ஸ்போர்ட்ஸில் அந்த அஞ்சலி ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டு, வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. அவருக்கு அப்போது 38 வயது. அன்றைக்கு அது பெரிய வயதாகத் தெரிந்தது.

ராண்டி சாவேஜ் கதை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. பல வருடமாக டபிள்யூ.டபிள்யூ.இ. பக்கமே வராமல் இருந்த மனிதர், இந்த கேமுக்காக வந்தார், விளம்பரத்திலும் பேசினார். கேம் அமெரிக்காவில் வெளியானது 2011 மார்ச் 29. மே 20 அன்று ஃப்ளோரிடாவில் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. இதில் இன்னொன்று: 1987ஆம் வருடம் இதே மார்ச் 29-இல்தான் அவர்களின் வருடாந்தரப் பெருவிழாவான ரெஸில்மேனியா மூன்றாவது தடவையாக நடந்தது. ஆண்ட்ரேவை ஹோகன் தூக்கிப் போட்ட அதே நாள், சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஒரு சண்டை போட்டார்கள்; மல்யுத்தம் பார்க்கிறவர்கள் இன்னமும் அதைப் பேசுகிறார்கள். அந்த நாலு பேரும் இந்த டிஸ்க்கில் இருக்கிறார்கள். நான் அந்த இரண்டு சண்டையையும் வரிசையாக வைத்து ஆடிப் பார்த்தேன். ஹோகனாக நான், ஆண்ட்ரேவாக மருமகன். வரலாற்றில் ஹோகன் ஜெயித்தார். திருப்பூரில் ஜெயிக்கவில்லை.

அந்தப் பதினைந்து ஜாம்பவான்களில் எட்டுப் பேர் இன்று உயிரோடு இல்லை. ஹோகன் போனது 2025 ஜூலை 24.

இனி குறைகள். ஜிம் ராஸும் ஜெர்ரி லாலரும் வர்ணனை செய்கிறார்கள், அருமையான ஜோடி. ஆனால் ஒரு மணி நேரத்தில் சொன்னதையே சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டாவது நாள் மருமகன் அவர்களுக்கு முன்னால் சொல்லிக் காட்டினான். ஆளை நாமே உருவாக்குகிற பகுதி ஒப்புக்கு இருக்கிறது. '2கே' கேம்களில் மூக்குக்கே நாற்பது அளவு கொடுக்கிற காலத்தில் இது ரேஷன் கடைத் துணி மாதிரி. 'பாத் ஆஃப் சாம்பியன்ஸ்' என்று மூன்று பாதை: அண்டர்டேக்கரை நோக்கி ஒன்று, ஆர்டனை நோக்கி ஒன்று, ட்ரிபிள் எச் - ஷான் மைக்கேல்ஸ் ஜோடியை நோக்கி ஒன்று. நடுவில் வருகிற பேச்சுக் காட்சிகள் நன்றாக இருக்கின்றன, சண்டைகள் ஒரே மாதிரி. தனியாக ஆடினால் கடைசிச் சுற்றுகளில் கம்ப்யூட்டர் நம் ஒவ்வொரு அடியையும் ஜோசியம் பார்த்தது போலத் திருப்பும். எனக்கு அங்கே இரண்டு தடவை கன்ட்ரோலரை மெத்தையில் எறிகிற அளவுக்குக் கோபம் வந்தது. மெத்தையில்தான் எறிந்தேன், இன்னொரு கன்ட்ரோலர் வாங்க வழியில்லை.

நாலு பேர் மோதுகிற மேட்ச் கேட்க நன்றாக இருக்கும், ஆடினால் சந்தைக் கூட்டம். யாரைப் பார்த்து அடிக்கிறோம் என்பதே தெரியாது. ஒருவனை முடிக்கப் போகும் நேரத்தில் இன்னொருவன் முதுகில் வந்து விழுவான். ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து மோதுகிற ராயல் ரம்பிள் கிடையாது. ஏணிச் சண்டை கிடையாது. கூண்டுச் சண்டை இருக்கிறது, அது பரவாயில்லை.

பெரிய குறையை மருமகள் சொன்னாள். ஆட்கள் வரிசையைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, பொண்ணுங்க எங்க?" என்றாள். இல்லை. முப்பது பேரில் ஒருத்தர்கூட இல்லை. அவளுக்கு மல்யுத்தம் என்றால் ரியா ரிப்லி, இயோ ஸ்கை என்ற வீராங்கனைகள்தான். ரெஸில்மேனியா மேடையின் கடைசி மேட்ச்சைப் பெண்கள் ஆடி முடித்த பிறகு வளர்ந்த பிள்ளை. "அப்ப அப்படித்தான்" என்று நான் சொன்னது எனக்கே நொண்டிச் சாக்காகப் பட்டது. அவள் எழுந்து போய்விட்டாள். சாயங்காலம் திரும்பி வந்து ரே மிஸ்டீரியோவை எடுத்து எங்கள் இரண்டு பேரையும் துவைத்தது வேறு விஷயம். கோபத்தில் ஆடினால் கை இன்னும் வேகமாகப் போகும் போல.

இதே ரகத்தில் பிறகு வந்தவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 2019இல் வந்த 2கே20 குளறுபடிகளால் நாறிப்போனதும், அடுத்த வருட கேமை நிறுத்திவிட்டு, 2020 செப்டம்பரில் 'டபிள்யூ.டபிள்யூ.இ. 2கே பேட்டில்கிரவுண்ட்ஸ்' என்று ஒன்றை இறக்கினார்கள். பெருத்த தலை, குட்டைக் கால், ஓரத்தில் முதலை இருக்கிற ஒரு அரங்கம்கூட உண்டு. எதிராளியை அதன் வாயில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். முதல் தடவை சிரிப்பு வரும். மூன்றாவது தடவை முதலைக்கே அலுப்பாக இருக்கும். ஆல் ஸ்டார்ஸில் ஆர்டன் பத்தடி எகிறினாலும் அது ஆர்.கே.ஓ.தான், அந்த அடியின் மேல் உள்ள மரியாதையில் ஊதிப் பெரிதாக்கியது. பேட்டில்கிரவுண்ட்ஸில் மல்யுத்தத்தை விட்டுவிட்டுக் கோமாளித்தனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். போதாக்குறைக்குப் பாதிப் பேர் பூட்டிக் கிடந்தார்கள், திறக்கக் கேமுக்கு உள்ளேயே காசு சேர்க்க வேண்டும் அல்லது உண்மைக் காசு போட வேண்டும் என்று இருந்தது.

2021இல் வந்த 'ரெட்ரோமேனியா ரெஸ்லிங்' வேறு சங்கதி. ஜப்பானின் டெக்னோஸ் கம்பெனி 1991இல் கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரமாக விட்ட 'ரெஸில்ஃபெஸ்ட்'டுக்கு அதிகாரபூர்வமான அடுத்த பாகம் என்று சொல்லி, சின்னக் குழு ஒன்று செய்தது. புள்ளி புள்ளியாக வரைந்த உருவங்கள், பக்கவாட்டுப் பார்வை. அன்றைக்கு ரெஸில்ஃபெஸ்ட்டில் கடைசியில் நின்று மிரட்டிய ஹாக் - அனிமல் ஜோடி இதிலும் ரோடு வாரியர்ஸ் என்ற பெயரில் வருகிறது. அழகாக இருக்கிறது. ஆனால் அதை ரசிக்க அந்தப் பழைய இயந்திரத்தின் முன்னால் காசை அடுக்கி வைத்துக்கொண்டு நின்ற ஞாபகம் வேண்டும். எனக்கு அது இல்லை. எனக்கு இருப்பது மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துக் கேம் சென்டரில் பிளேஸ்டேஷன் 2 ஆடிய ஞாபகம்.

அந்தக் கேம் சென்டர்க்காரர்களுக்காகவே என்று சொல்லலாம், ஆல் ஸ்டார்ஸ் பிளேஸ்டேஷன் 2-க்கும் வந்தது. வீட்டில் பழைய மெஷின் எது ஓடுகிறதோ அதற்குத் தேடுங்கள். பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, வீ, பி.எஸ்.பி. எல்லாவற்றுக்கும் உண்டு. டிஸ்க்கை வாங்கும் முன் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள், டியூப் லைட்டை நம்ப வேண்டாம். ஆன்லைனில் ஆடலாம் என்று நினைத்து வாங்காதீர்கள், அந்த சர்வரெல்லாம் எப்போதோ மூடியாகிவிட்டது. தனியாக ஆடுகிறவர் என்றால் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ஆட ஒரு ஆள் இருக்கிறதென்றால் நான் கொடுத்த 1,100 அதிகமில்லை.

நாங்கள் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம். நேற்று ராத்திரி நிலவரப்படி மருமகன் 23, நான் 19, மருமகள் 11. அவள் எங்கள் ஆட்டத்தில் பாதிதான் ஆடியிருக்கிறாள் என்பதையும், மருமகனின் 23-இல் பதினாறு ஆண்ட்ரேவை வைத்து வாங்கியது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். இன்று முதல் வீட்டில் ஆண்ட்ரேவுக்குத் தடை.